வாடகை வீட்டில் முகலாயர்கள்

உலகம்மை மயங்கிய பிறகுதான் படிப்பாள். பாளையங்கோட்டையில் ஜெபசிங் மாஸ்டர் நடத்திய பயிற்சி மையத்தில் எல்லோருக்கும் அதே முறைதான். மாஸ்டர் விரலை உயர்த்திக் காட்டுவார். "இமை கனக்குது" என்பார். இமை கனக்கும். மடியில் இருக்கும் புத்தகத்தின் பக்கங்கள் தாமாகப் புரளும். படித்து முடித்த பாடம் எழுந்து நிற்கும். அதை நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைக்க வேண்டும். தேர்வன்று அதே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டால் வந்து பதில் சொல்லும்.

உலகம்மை தான் குடியிருக்கும் வீட்டையே எடுத்துக்கொண்டாள். செரிமான மண்டலத்தை அடுப்படியில் வைத்தாள். முகலாயர்கள் முன்னறையில் இருந்தார்கள். அவர்களுடைய யானைகள் மட்டும் மொட்டை மாடியில். குளியலறையில் பருவமழை. ஐந்தாண்டுத் திட்டங்கள் கட்டிலுக்கு அடியில் வரிசையாகப் படுத்துக்கொண்டன.

வயது வரம்புப்படி அரசுத் தேர்வு எழுத அவளுக்கு இது கடைசி வாய்ப்பு. ஆனால் பயமில்லை. எதைக் கேட்டாலும் சொன்னாள்.

தேர்வுக்கு முந்தைய நாள் அவள் மயங்கி உள்ளே போனபோது வீட்டு உரிமையாளர் சங்கரலிங்கம் முன்னறையில் நின்றுகொண்டிருந்தார். மயக்கத்துக்குள் எப்படி வந்தார் என்று அவள் கேட்கவில்லை. ஒரு சாவி எப்போதும் அவரிடம் இருக்கும்.

"புருசன் பொண்டாட்டி ரெண்டே பேருன்னு சொல்லித்தானம்மா வந்தீய? இவ்வளவு பேரு யாரு?"

"பாடம் அண்ணாச்சி."

"பாடம்னா தண்ணி குடிக்காதா?"

"ஒரு நாளுதான். நாளைக்குப் பரீட்சை."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாவ. டேங்கு காலி. மோட்டார் ஓடியே புகையுது."

"குளியலறையில பருவமழை இருக்கு அண்ணாச்சி."

"அது ஜூன்லதான வரும்? இப்ப மாசி. நாளைக்குக் காலைல வீடு காலியா இருக்கணும். சுவத்துல ஆணி அடிச்சது யாரு?"

முகலாயர்கள் தரையைப் பார்த்தார்கள்.

உலகம்மை கண் விழித்து மாஸ்டரிடம் சொன்னாள். அவர் மேசை விசிறியை நிறுத்தினார்.

"வாடகை வீட்டுலயா வச்சீங்க? மத்தவங்க எல்லாம் சொந்த வீட்டுல வச்சிருக்காங்க."

"நீங்க தெரிஞ்ச வீடுன்னுதான் சொன்னீங்க."

பின்வரிசையில் இருந்த மைக்கேல்ராஜ் சிரித்தான். "நான் சொந்த வீட்டுலதான் வச்சேன் அக்கா. பாகம் பிரிச்சாச்சு. எட்டாம் வகுப்புக்கு மேல எல்லாம் தம்பி பக்கம் போயிட்டு. அவன் பேசுததில்ல."

"பஸ் ஸ்டாண்டுக்கு மாத்துங்க" என்றார் மாஸ்டர்.

"அங்க வச்சா ஏறிப் போயிருமே சார்."

மாஸ்டர் அடுத்த ஆளுக்கு விரலை உயர்த்தினார். உலகம்மை வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினாள்.

தேர்வு அறையில் மேற்பார்வையாளர் வினாத்தாளைக் கொடுத்தார். அவள் கண்ணை மூடி உள்ளே போனாள். வீடு பெருக்கித் துடைத்துக் கிடந்தது. அடுப்படி காலி. கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை. முன்னறை நடுவில் சங்கரலிங்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க போனாவ எல்லாரும்?"

"அனுப்பிட்டேன்."

"எப்படி அனுப்புனீய?"

"ஒவ்வொருத்தரா வாசல்ல நிறுத்தி விசாரிச்சுத்தான். யாரு, எந்த ஊரு, யாரு மகன், எப்ப வந்தீய, என்ன சோலி, எதுக்குச் சண்டை போட்டீய. கேக்காம விட முடியுமா? நாளைக்கு ஒண்ணுன்னா வீட்டுக்காரன்தான பதில் சொல்லணும்?"

உலகம்மை வினாத்தாளைப் பிரித்தாள்.

"முதல் பானிபட் போர் எந்த வருசம் அண்ணாச்சி?"

"ஆயிரத்து ஐந்நூத்தி இருவத்தாறு. ஆணி அடிச்ச கூட்டம்."

"கரிசல் மண்ணுல என்ன விளையும்?"

"பருத்தி. காலக் கழுவாம உள்ள வந்தவன் அவன்தான்."

அவள் விடைத்தாளில் வட்டங்களைக் கருப்பாக்கிக்கொண்டே போனாள். பாடங்கள் அவளிடம்கூட இவ்வளவு சொன்னதில்லை. அவர் எதையும் தடுமாறாமல் சொன்னார். ஐந்தாண்டுத் திட்டங்களில் எது யாரோடு பேசுவதில்லை என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசி வட்டத்தையும் நிரப்பிய பிறகு அவர் எழுந்தார்.

"அப்ப நான் வாரேன்."

"இருங்க அண்ணாச்சி. நேர்காணல் ஒண்ணு பாக்கி இருக்கு."

அவள் வெளியே வந்து கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே அவர் கூப்பிடுவது கொஞ்சதூரம் கேட்டது. பிறகு மணி அடித்தார்கள்.

சாயங்காலம் அவருடைய மனைவி செண்பகவடிவு மாடிப்படியில் நின்று கேட்டாள்.

"அவுகளப் பாத்தியா உலகம்மை? காலைலருந்து காணல."

"நல்லாருக்காவ அக்கா. எங்கிட்டதான் இருக்காவ. நேர்காணல் முடிஞ்சதும் அனுப்பிருதேன்."

"அது எப்ப?"

"தெரியல. ஒரு வருசம்கூட ஆகும்ங்காவ."

செண்பகவடிவு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள். "நீ நிதானமா படி."