முன்சக்கரத்து எஞ்சின்

அந்தக் காகிதத்தில் இருந்த ஒரு வரியை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. கண்ணில் படாமல் போயிற்று என்று சொல்ல முடியாது. படித்தேன், புரிந்தது, அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அப்பா தாணு, குற்றாலத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். தென்காசியில் எங்கள் வீட்டிலிருந்து அங்கே மூன்றரை மைல். காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் பங்களாக்களில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஊசியும் மிக்ஸ்சரும் கொண்டுபோக வேண்டும். அதனால் பஸ் உதவாது, சைக்கிள்தான். ஐம்பத்தாறாம் வருஷக் கடைசியில் அவருக்கு இளைப்பு கண்டது. குற்றாலம் ரோட்டு ஏற்றத்தில் மிதித்துப் போய்ச் சேர்ந்தால் பத்து நிமிஷம் பேச்சு வராது. மருந்து கேட்டு வருகிறவர்கள், கம்பவுண்டருக்கே மருந்து வேண்டும் போலிருக்கிறதே என்று சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. இனிமேல் ஏற்றத்தில் மிதிக்கக் கூடாது, சைக்கிளுக்கு எஞ்சின் ஒன்று வாங்கி மாட்டிக்கொள், முடியாதென்றால் நான் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார்.

எஞ்சின் வரப்போகிறது என்றதும் அப்பாவை விட அதிகமாக ஆசைப்பட்டவள் நான்தான். மூன்றாம் பாரம் முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருந்தேன். பெண்கள் மட்டும் படிக்கிற உயர்நிலைப் பள்ளி மேலகரத்தைத் தாண்டி, குற்றாலம் ரோட்டிலேயே இருந்தது. வயசுக்கு வந்த பிள்ளையை இரண்டு மைல் தனியாக நடக்க விடமாட்டேன் என்று அம்மா நின்றுவிட்டாள். "உங்கப்பா கொண்டுவிட்டு, திரும்பக் கூட்டிக்கிட்டு வந்தா போ. நான் குறுக்க நிக்கல" என்றாள். மூச்சுக்கே திண்டாடுகிற மனுஷனிடம் என்னையும் சுமக்கச் சொல்வது எப்படி? எஞ்சின் வந்தால் அது சுமக்கும் என்று நினைத்தேன்.

மாசி மாதம், மூசா பாய் சைக்கிள் கடைக்கு மதுரையிலிருந்து இரண்டு எஞ்சின்கள் வந்தன. கூடவே ஒவ்வொன்றுக்கும் ஒரு இங்கிலீஷ் காகிதம். அப்பாவுக்கு டாக்டரின் கோழிக் கிறுக்கலைப் படிக்கத் தெரியும், மருந்துப் பெயர்கள் அத்தனையும் அத்துப்படி. முழு வாக்கியமாக இங்கிலீஷ் வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு எஞ்சின் பின்சக்கரத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும்.

"என்னவே பாய், சக்கரத்துக்கு வயித்துல கட்டி வந்த மாதிரி இருக்கு?" என்றார் அப்பா.

"கம்பவுண்டர் புத்தி போகுமா? அது கட்டியில்ல அண்ணாச்சி, எஞ்சினு. உள்ளுக்குள்ள செயின் இருக்கு, அது சக்கரத்தைச் சுத்தும்."

"அப்ப இது? மூக்கு மேல ஏறி உக்காந்திருக்கு?"

மற்றது ஹேண்டில்பாருக்கு முன்னால், முன்சக்கரத்துக்கு மேலே உட்காருகிற எஞ்சின். அதன் அடியில் சொரசொரப்பான ஒரு உருளை. நெம்புகோலை இறக்கினால் உருளை டயரில் அழுந்தி உரசும், சக்கரம் சுற்றும். தூக்கிவிட்டால் வெறும் சைக்கிள்.

"எது வே நல்லது?"

"ரெண்டும் ஓடும். நான் ரெண்டையும் கடை வாசல்லதான் ஓட்டிப் பாத்தேன். மத்ததெல்லாம் பேப்பர்ல போட்டிருப்பான். பிள்ளைய வாசிக்கச் சொல்லும்."

கடையில் நாலைந்து ஆண்கள் நின்றார்கள். எனக்கு அந்நிய ஆள் முன்னால் குரல் எழும்பாது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, அப்பாவின் காதருகில் மெதுவாக வாசித்துத் தமிழில் சொன்னேன். அப்பா அதைக் கடைக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

பின்சக்கரத்துக் காகிதத்தில், கேரியரில் ஆளை ஏற்றக் கூடாது, கம்பிகள் ஒடிந்துபோகும் என்று இருந்தது. அதைச் சொன்னேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

பிறகு முன்சக்கரத்துக் காகிதம். பெட்ரோலில் எவ்வளவு எண்ணெய் கலப்பது, உருளையை எப்படித் துடைப்பது, எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்தாவதாக ஒரு வரி. ஈரமான சாலையில் உருளை டயரைப் பிடிக்காமல் வழுக்கும். அப்போது எஞ்சினைத் தூக்கிவிட்டு மிதித்துச் செல்லவும். அதன் கீழே ஆறாவது வரி, விளக்கைப் பற்றியது. நான் விளக்கைப் பற்றிச் சொன்னேன்.

"அவ்வளவுதானாட்டி?"

"அவ்வளவுதான்."

எங்கள் ஊரில் சாரலுக்கு யாரும் குடை விரிப்பதில்லை. சாரலில் குடை பிடித்து நடக்கிறவரைக் கண்டால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துகொள்வோம். அதை மழைக் கணக்கில் சேர்க்காத ஊர் இது. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு எனக்கு நானே இப்படித்தான் நியாயம் சொன்னேன். மழை என்றால் ஐப்பசியில் நாலைந்து நாள், அன்றைக்கு மட்டும் அப்பா பஸ்ஸில் போகட்டும் என்று. ஆனியிலும் ஆடியிலும் சாரலில் ரோடு காயவே காயாது என்பது எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து அந்த ரோட்டைத்தானே பார்க்கிறேன்.

அப்பா முன்சக்கரத்து எஞ்சினை வாங்கினார்.

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் அது நன்றாக ஓடியது. தெருமுனையில் அப்பா வரும்போதே சத்தம் கேட்கும். "உன் மாப்பிள்ளை தவில் அடிச்சுக்கிட்டு வாராரு" என்று எதிர்வீட்டுக் குருவம்மாள் அம்மாவைக் கேலி செய்வாள். குற்றாலத்தில் இறங்கியதும் அப்பாவால் உடனே பேச முடிந்தது. டாக்டர் வெளியே வந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தாராம். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கேரியரில் வைத்து மேலகரம் வரை ஓட்டிப் பழகினார். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, சரி என்றாள்.

ஜூனில் நாலாம் பாரத்தில் சேர்ந்தேன். பள்ளி திறந்து ஆறாம் நாள் சாரல் விழுந்தது.

சிற்றாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் எஞ்சின் கத்தியது, சைக்கிள் நகரவில்லை. உருளை தன் போக்கில் சுற்றிக்கொண்டிருந்தது, டயர் நின்றுவிட்டது. அப்பா இறங்கித் துணியால் துடைத்தார். பத்தடி போனோம், மறுபடி கத்தியது. நெம்புகோலைத் தூக்கிவிட்டு மிதிக்க ஆரம்பித்தார். நான் குதித்து இறங்கினேன்.

"ஏறுட்டி. எட்டரைக்கு நான் கதவைத் திறக்கணும்."

"நான் நடந்து வாரேன்ப்பா."

"ஏறுன்னா ஏறு. உங்கம்மைக்குத் தெரிஞ்சா நாளைக்கே உன்னை உள்ள உக்கார வச்சிருவா."

ஏறினேன். எதிர்க்காற்று. எஞ்சினின் கனம், என் கனம், இரண்டையும் சேர்த்து அப்பா மிதித்தார். அவர் முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. உள்ளே விசில் போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மீதித் தூரம் முழுவதும் நான் கேரியரில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மூசா பாய் கடைக்குப் போனோம். டயரைப் பிடிக்கட்டும் என்று அவர் உருளையில் குங்கிலியப் பொடி பூசிக் கொடுத்தார். இரண்டு நாள் தாங்கியது. புது டயர் மாட்டிக் கொடுத்தார். அதுவும் வழுக்கியது. மூன்றாம் முறை போனபோது அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"சாரல்ல ஓடாத சாமானை எதுக்குவே என் தலையில கட்டினீரு?"

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி? நான் வித்த முதல் எஞ்சினே உமக்குத்தான். பேப்பர்ல போட்டிருந்தா பிள்ளை வாசிச்சிருக்குமே."

"வாசிச்சா. ஒரு வரி விடாம வாசிச்சா. அதுல ஒண்ணும் இல்ல."

"அப்ப அந்தப் பேப்பரைக் கொண்டாரும். போஸ்ட் மாஸ்டர்கிட்ட ஒருக்காக் காட்டுவோம்."

"என் பிள்ளை வாசிச்சதுக்கு மேல உம்ம போஸ்ட் மாஸ்டர் என்னத்தைப் படிச்சுக் கிழிச்சிருவாரு? உம்ம தப்பை மறைக்க அவ மேல பழி போடுதீரா?"

மூசா பாய் என்னைப் பார்த்தார். பழி போடுகிற பார்வையாக அது இல்லை. நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்தார், அவ்வளவுதான். நான் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். எஞ்சினை அவர் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பார். செயினில் ஓடுவதால் ஈரத்தில் வழுக்காத பின்சக்கரத்து எஞ்சின் இன்னும் விற்காமல் கடையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் போயிருக்கும். போயிருந்தால் என்ன?

"இனி உம்ம கடை வாசல்ல கால் வைக்க மாட்டேன்வே" என்று அப்பா சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டினார்.

அதற்குப் பிறகு அப்பா எஞ்சினைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மாவுக்குக் கேட்கும்படி அதை ஓட்டுவார். பாலம் வந்ததும் தூக்கிவிட்டு மிதிப்பார். சாயங்காலம் திரும்பும்போதும் தெருமுனையில் சத்தம் கேட்கும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று அம்மா நம்பினாள்.

ஆடி பத்தாம் தேதி வாக்கில், என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுவிட்டு அப்பா குற்றாலத்துக்குக் கிளம்பினார். சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே மிதித்தார். இரண்டு முறை நின்று, ஹேண்டில்பாரில் கையூன்றி, மறுபடி மிதித்தார். வளைவு வரை பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மத்தியானம் பள்ளிக்கு ஒரு ஆள் வந்து சொன்னார். ஏற்றத்தில் ஒரு மதகுக் கல்லில் உட்கார்ந்துவிட்டாராம். உதடு நீலமாக இருந்ததைப் பார்த்து யாரோ குதிரை வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் அவர் போட்ட ஊசியை அன்றைக்கு டாக்டர் அவருக்குப் போட்டார்.

ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார், நானும் பள்ளிக்குப் போகவில்லை. சீசன் நேரம், டாக்டர் எத்தனை நாள் பொறுப்பார்? பண்பொழியிலிருந்து ஒரு இளைஞனைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். அப்பாவைப் பார்க்க ஆரஞ்சுப் பழங்களோடு வந்தபோது அதை அவரே சொன்னார். "நீங்க செஞ்சது சரிதான் சார்" என்றார் அப்பா. டாக்டர் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆவணியில் எழுந்து நடமாடினார். தென்காசியிலேயே ஒரு மருந்துக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து மாத்திரை எண்ணிக் கொடுக்கிற வேலை கிடைத்தது. ஊசி போடுகிற கை அது. எஞ்சினைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார்.

முதல் நாள் வேலைக்குப் போய்வந்த சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி சந்தனமாரி, குருவம்மாள் மகளையும் உன் பள்ளியிலதான் சேத்திருக்காங்களாம். வில்வண்டி பேசியிருக்காங்க. உன்னையும் ஏத்திக்கிடச் சொல்லிட்டேன். உங்கம்மையும் சரின்னுட்டா. நாளையிலயிருந்து போ."

வண்டியில் நான் உட்கார்ந்து போவதையும், அதே ரோட்டில் அந்த மதகு இருப்பதையும் நினைத்தேன்.

"நான் போகல."

"ஏன்?"

"எனக்குப் படிப்பு வரல."

வகுப்பில் நான் இரண்டாவது. அது அப்பாவுக்குத் தெரியாது, பரீட்சைத் தாளைக் கொடுத்த வாரம்தான் அவர் விழுந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் வந்திருந்தால் நானும் அழுது சொல்லியிருப்பேன்.

"வரலன்னா போகட்டும்" என்றார் மெதுவாக. "இதை மாசியிலயே சொல்லியிருக்கலாமேட்டி. அந்தப் பின்சக்கரத்தையே எடுத்திருப்பேனே. நீ கேரியர்ல வரணுமேன்னுதான் அதை வேண்டாம்னேன்."

வாயைத் திறந்தேன். அம்மா சாப்பாட்டுக்கு இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். அவர் எழுந்து போய்விட்டார்.

ஆறு வருஷம் ஆயிற்று. வீட்டுக்கு யாராவது வந்து பிள்ளை எதுவரை படித்தாள் என்று கேட்டால், "அவளுக்கு அதுல நாட்டமில்ல" என்று அப்பாவே முந்திக்கொண்டு சொல்கிறார், எனக்கு அவமானம் வரக்கூடாது என்று. நான் உள்ளே போய்விடுவேன். கோயிலுக்குப் போகும் வழியில் மூசா பாய் எதிரே வந்தால் அப்பா தெருவின் அந்தப் பக்கத்துக்கு மாறுவார். நானும் கூடவே மாறுகிறேன்.