நோயாளியின் கோழி

கடைசி எலும்பையும் உறிஞ்சித் தட்டில் போட்ட பிறகுதான் ஹம்தூனுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. கோழி அவனுடையதல்ல. காய்ச்சலில் கிடந்த செம்புக் கொல்லர் கன்னாமுடையது. டமாஸ்கஸ் மருத்துவசாலையில் ஹம்தூனின் வேலை, படுக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊத் என்னும் தந்தி வாத்தியம் வாசித்து நோயாளிகளைத் தூங்கவைப்பது மட்டுமே.

“எனக்கு இறங்கல. நீ தின்னு தம்பி” என்று தட்டைத் தள்ளியவர் கன்னாம்தான். மரியாதைக்காவது ஒருமுறை வேண்டாம் என்றிருக்கலாம். கை தந்தியில் இருக்கும்போதே வாய் திறந்துகொண்டது.

முழுக் கோழியும் ஒரு ரொட்டியும் தின்று தீர்த்தவன் குணமானவன், வீட்டுக்குப் போகலாம் என்பது அங்கே வழக்கம். வைத்தியரான ஹகீம் முவஃபக் கன்னாமின் படுக்கையருகே கிடந்த எலும்புகளைப் பார்த்தார். “பலே! கிளம்புங்க.” கன்னாம் ஹம்தூனை ஒருமுறை பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டே போனார்.

அந்த வாரமே கழுதைமேல் சாய்த்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உடம்பு அடுப்பாய்க் கொதித்தது.

“ஏண்ணே அன்னிக்கே உண்மையைச் சொல்லல?” ஹம்தூன் காதருகே கேட்டான்.

“வாசி தம்பி.”

வாசித்தான். வழக்கம்போல விரல் தந்தி மாறி, தாலாட்டு கல்யாணப் பாட்டாகி, பிறகு இரண்டுமில்லாமல் போனது. ஹகீமிடம் சொல்லிவிட இரண்டு தரம் போனான். இரண்டு தரமும் ஏதோ ஜோக் அடித்து, அவரைச் சிரிக்கவைத்துவிட்டுத் திரும்பினான். அந்தத் திறமை மட்டும் அவனுக்குக் குறையவில்லை.

மறுநாள் காலை ஹகீம் நாடி பார்த்தார். “முழுக் கோழி தின்ன ஆளு. பழைய காய்ச்சல் போயிடுச்சு. இது புதுசு, ரத்தம் மிஞ்சிப்போச்சு. கொஞ்சம் எடுத்துடலாம்.” கத்தியும் கிண்ணமும் வந்தன. கன்னாமின் கை குச்சியாய் நீண்டது. அதில் எடுக்க என்ன இருக்கிறது?

“ஐயா, கோழி தின்னது நான்!” ஹம்தூன் கத்தியேவிட்டான்.

“இன்னொரு ஜோக்கா?”

“இல்லீங்கய்யா. தோலுகூட நான்தான்.”

ஹகீம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு கத்தியைத் துணியில் சுற்றினார். “இவருக்குக் கஞ்சித்தண்ணி கொடுங்க. இந்த ஊத்காரன் பக்கத்துல இனிமே தட்டே வைக்காதீங்க.” போய்விட்டார்.

ஹம்தூனுக்குத் தலை நிமிரவில்லை. “கத்தி வந்தப்பகூட வாயத் தொறக்கலையே. ஏண்ணே?”

கன்னாம் கண்ணைத் திறந்தார். “சொன்னா உன்ன வெளிய தள்ளிட்டு, ஒழுங்கா வாசிக்கிறவன் ஒருத்தனக் கொண்டாந்திருப்பாங்க. நீ தப்புத்தப்பா வாசிக்கும்போதுதான்டா எனக்குச் சிரிப்பு வருது. சிரிக்கிறப்ப மட்டுந்தான் வலி தெரியல.”