சின்னராஜ் ஓட்டும் வண்டி

மாதேஷ் பைக்கை நிறுத்தி இறங்குவதற்குள் சின்னராஜ் மூன்று முறை சாவியைத் திருப்பிவிட்டார். ஒவ்வொரு முறையும் என்ஜின் கரகரவென்று நன்றாகவே சுற்றியது. இதோ பிடித்துவிடும் என்று தோன்றும். பிடிக்கவில்லை. நான்காவது முறைக்கு அவர் கை போவதைப் பார்த்து மாதேஷ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினான்.

"ணா, வுடுங்க. பேட்டரியும் எறங்கிரும்."

சின்னராஜ் இறங்கி, கதவை வேகமாகச் சாத்தினார். வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கிளம்பத் தயாராக இருந்தார். ஐம்பத்தொன்பது வயது. நாலு ஏக்கர் தக்காளித் தோட்டம், மூன்று மாடுகள், இந்த வெள்ளைக் கார். மணி ஒன்பதே முக்கால்தான் ஆகியிருந்தது, ஆனால் வெயில் அதற்குள் காரின் கூரையில் ஏறிவிட்டது.

"பாப்பாவுக்கு இன்னைக்கோட ஸ்கூல் முடியுது. பன்னண்டரைக்கு வுட்ருவாங்க. நான் ஓசூர்ல நிக்கணும். சுஜாதா கம்பெனில லீவு தர மாட்டேங்கறாங்களாம். நேத்து சாயந்தரம்கூட மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போனேன், நல்லாத்தான் இருந்துச்சு." மகள் சுஜாதாவின் பிள்ளையை லீவுக்குக் கூட்டிவரப் போவதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, செல்போனை எடுத்து நேரம் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு, உடனே மறுபடி எடுத்தார்.

இந்த வண்டி மாதேஷுக்கு நன்றாகத் தெரிந்த வண்டி. ராயக்கோட்டையில் மெக்கானிக் கடை போட்ட முதல் மாதத்திலிருந்து அவன்தான் பார்க்கிறான். அதற்கும் மேலே ஒரு கணக்கு இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி ராஜாத்தி நாட்றாம்பாளையத்தில் தாய்வீட்டில் இருந்தபோது, நாள் குறித்ததற்கு இருபது நாள் முன்பே வலி எடுத்துவிட்டது. மழையில் பஸ் வரவில்லை. சின்னராஜ் இதே காரை மலைப்பாதையில் ஓட்டிப்போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தார். அவள் மட்டுமில்லை. சுற்றுவட்டத்தில் பாம்பு கடித்தவர்கள், நெஞ்சுவலிக்காரர்கள், பரீட்சைக்கு நேரமாகிவிட்ட பிள்ளைகள் என்று யார் வந்து நின்றாலும் அவர் கையில் சாவி தயாராக இருக்கும். 'சின்னராஜைக் கூப்பிடு' என்றால் அந்த ஊரில் 'காரை எடு' என்று அர்த்தம்.

பானட்டைத் தூக்கினான். முதலில் கண்ணில் பட்டது என்ஜினுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. முன் கிரில் ஒரு மூலையில் உடைந்திருந்தது. ரேடியேட்டர் வரைக்கும் ஜல்லிக்கற்கள் போய்ச் செருகியிருந்தன.

"இது எப்பணா ஆச்சு?"

"போன வாரம் வியாழக்கிழமை. உத்தனப்பள்ளி தாண்டி நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு. பிரேக் அடிச்சு ஒடிச்சேன். ஓரமா ஜல்லி கொட்டி வெச்சிருந்தானுங்க, அதுல லேசா இடிச்சிருச்சு. அத வுடு, இதப் பாரு."

மாதேஷ் ஒரு பிளக்கைக் கழற்றினான். காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தான், பெட்ரோல் வாசனையே இல்லை. அதை என்ஜின் மேல் ஒட்டிவைத்து, சின்னராஜைச் சாவி திருப்பச் சொன்னான். நீலப் பொறி பளிச்சென்று அடித்தது. கரண்ட் வருகிறது, பெட்ரோல்தான் வரவில்லை. அடுத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆனில் மட்டும் வைக்கச் சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து சீட்டின்மேல் காதை வைத்தான். சாவி போட்டதும் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு விநாடி முனகி அடங்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்துப் பக்கம் யாரோ தக்காளிப் பெட்டியை வைக்கும் சத்தம்தான் கேட்டது. ஃபியூஸாக இருக்கும், இல்லையென்றால் பம்புக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே, அதுவும் இல்லையென்றால் பம்ப். அதே வரிசையில் பார்த்தான். ஃபியூஸ் நன்றாக இருந்தது.

ரிலே இல்லை.

நான்கு துளைகள் மட்டும் தெரிந்தன. சுற்றிலும் படிந்த புழுதிக்கு நடுவே அந்தச் சின்னச் சதுரம் மட்டும் துடைத்த மாதிரி கறுப்பாக இருந்தது. ரிலே தானாகக் கழன்று விழாது. விரலால் பிடித்து, ஆட்டி ஆட்டி இழுத்தால்தான் வரும். போன தீபாவளி சமயம் பழைய ரிலேவை எடுத்துவிட்டு அவன்தான் புதிது போட்டான். அன்று பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவள் சின்னராஜின் மனைவி வெங்கடம்மாள். 'இத்துனூண்டு பொட்டியா இவ்ளோ வேலை பண்ணுது?' என்று கேட்டாள். 'இது இல்லாட்டி பெட்ரோலே வராதுக்கா. வண்டி சும்மா சுத்திட்டே இருக்கும்' என்று சொன்னவன் அவன்.

தலையை நிமிர்த்தினான். வெங்கடம்மாள் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் குடத்தோடு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையைத் திருப்பவில்லை.

"மாதேஷு, காபி வெச்சிருக்கேன். கை கழுவிட்டு வந்து குடிச்சிட்டுப் போ" என்றாள், கணவருக்குக் கேட்கும்படியாக.

"காபியா இப்ப முக்கியம்?" என்று சின்னராஜ் கத்தினார். அதற்குள் அவர் போன் அடித்தது.

வீட்டுப் பின்பக்கம், அடுப்படி வாசலில், அவள் காபி எதையும் கொடுக்கவில்லை.

"நான்தான் எடுத்தேன். விடியக்காலம் பால் கறக்கப் போவறப்ப."

"எதுக்குக்கா?"

"நாய் வந்துச்சுன்னு சொன்னாரா உங்கிட்ட?" அவள் குரல் இறங்கியது. "நாயே இல்ல மாதேஷு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். தக்காளி வெல பத்திப் பேசிட்டு வந்தாரு, பாதில நின்னு போச்சு. என்னான்னு திரும்பிப் பாத்தா கண்ணு தெறந்துதான் இருக்குது, வாயி மட்டும் எதையோ மெல்லுது. கூப்டறேன், கையப் புடிச்சு இழுக்கறேன், கட்டையாட்டம் இருக்குது. வண்டி அதும்பாட்டுக்குப் போவுது. அந்த ஜல்லிக் குமி மட்டும் அங்க இல்லன்னா எதுக்க வந்த லாரிதான். கொஞ்ச நேரம் கழிச்சு என்னப் பாத்து, ஏன் நின்னுட்டோம்னு கேக்கறாரு."

மாதேஷ் இழுத்தான், "டாக்டர்கிட்ட..."

"சிரிக்கறாரு. அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நாய்னு அவரா நெனச்சிக்கிட்டாரு, இப்ப அந்த நாயோட கலரு வரைக்கும் சொல்றாரு. நான் சொல்றத யாரு நம்பறாங்க? சுஜாதாகிட்ட சொன்னா அவ அப்புறம் புள்ளயவே அனுப்ப மாட்டா. நானும் கூட வரேன்னா, மாட்ட யாரு பாக்கறதுங்கறாரு." அவள் முந்தானை முடிச்சை விரலால் நெருடிக்கொண்டே இருந்தாள். "ரிப்பேர் ஆவலன்னு சொல்லிடு. இன்னைக்கு ஒரு நாளைக்கு."

மாதேஷின் பையில் இரண்டு ரிலே இருந்தன. ஒரு நிமிஷ வேலை. எந்த வண்டியையும் 'தெரியல' என்று விட்டுவிட்டு வந்தவன் என்ற பேச்சு அவனுக்குக் கிடையாது. காருக்குத் திரும்பி நடந்தபோது ஜல்லிக்கற்கள் மறுபடி கண்ணில் பட்டன. இப்போது அவற்றை வேறு மாதிரி பார்த்தான்.

"பம்ப் போயிருச்சுணா" என்றான், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே. "டேங்க்க எறக்கணும். சாமான் ஓசூர்லருந்து வரணும். ரெண்டு நாளாவும்."

சின்னராஜ் அவனைப் பார்த்தார். பிறகு மோட்டார் ரூமுக்குப் போய் ஒரு கட்டு ஒயரோடு வந்தார். போர்வெல் மோட்டார்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர். எந்த மோட்டாரையும் நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்க்காமல் செத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். பின்சீட்டைத் தூக்கினார், மூடியைத் திறந்தார், பேட்டரியிலிருந்து ஒயரை இழுத்துவந்து வைத்தார். பம்ப் உடனே முனகியது. வெயிலில் அந்தச் சின்னச் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒயரை எடுத்தார், நின்றது. வைத்தார், ஓடியது.

"பம்ப் நல்லாத்தான இருக்குது?"

மாதேஷ் தரையைப் பார்த்தான்.

சின்னராஜ் முன்பக்கம் வந்து ஃபியூஸ் பெட்டிக்குள் குனிந்தார். காலியாக இருந்த சதுரத்தின்மேல் அவர் விரல் நின்றது. "இதுல இருந்தது எங்க? நீ எடுத்தியா?"

"நான்தான்" என்றாள் வெங்கடம்மாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தக் கறுப்புப் பெட்டியை பானட் விளிம்பில் வைத்தாள்.

அதன் பிறகு இருவரும் தெலுங்குக்கு மாறினார்கள். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது அதுதான். மாதேஷ் வீட்டில் கன்னடம் என்றாலும் தெலுங்கு அவனுக்குப் புரியும் என்பது இருவருக்கும் தெரியும், ஆனாலும் கோபத்துக்கு அந்த மறைப்பு தேவைப்பட்டது. ஊர்க்காரன் முன்னால் தன்னை நோயாளி ஆக்கிவிட்டாயே என்று அவர் கேட்டார். செத்துப்போன ஆளாக ஆக்குவதைவிட இது பரவாயில்லை என்று அவள் சொன்னாள். நாய், பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியது என்றார் அவர். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"மாதேஷு, நீ சொல்லு." அவர் தமிழுக்கு வந்தார். "எனக்கு ஏதாவது இருக்கற மாதிரி தெரியுதா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுணா. வண்டியப் பத்தித்தான் தெரியும்." குனிந்து கிரில்லுக்குள் கைவிட்டு ஒரு ஜல்லியைப் பிடுங்கினான். வெளியே வரவே கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. "பிரேக் அடிச்சிருந்தா மூக்கு கீழ எறங்கி, அடில பம்பர்தான் அடிபட்டிருக்கும். பம்பர் முழுசா இருக்குது. இது நேரா, அதே வேகத்துல போயிருக்குது. பிரேக்ல காலே வெக்கலணா."

சின்னராஜ் அந்தக் கல்லை வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் போய்விட்டிருந்தது. அதன் இடத்தில் வந்ததைப் பார்க்க மாதேஷுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி, அந்த வியாழக்கிழமைக்குள் அவர் தேடிக்கொண்டிருந்தார். உத்தனப்பள்ளி ஞாபகம் இருந்தது. தக்காளி விலை ஞாபகம் இருந்தது. அப்புறம் நின்ற கார். நடுவில் ஒரு நாய். அந்த நாயை அவர் எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"போடு அத" என்றார் கடைசியில்.

மாதேஷ் ரிலேவைச் சொருகினான். சின்னராஜ் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். அரைச் சுற்றில் பிடித்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார். வெங்கடம்மாள் தடுக்கவில்லை. காருக்கு முன்னால் போய் நிற்கவும் இல்லை. இடுப்பில் கை வைத்தபடி தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாதேஷ் ஜன்னல் பக்கம் குனிந்தான். "ணா, பாப்பா முன்னாடி சீட்லதான உக்காரும்?"

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சின்னராஜ் பக்கத்து சீட்டைப் பார்க்கவில்லை. வெகுநேரம் கண்ணாடிக்கு வெளியே, கேட்டைத் தாண்டிப் போகும் மண்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, காரை முன்பக்கமாகச் சுற்றிவந்து, இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"மாட்டப் பாத்துக்கன்னு பக்கத்து வூட்டு கெம்பம்மாகிட்ட சொல்லிட்டு வா" என்றார் மனைவியிடம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மாதேஷ் ஓட்டினான். வெங்கடம்மாள் பின்சீட்டில், இரண்டு சீட்டுக்கும் நடுவில் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்னால் பஸ் வந்தால் அவர் வலது கால் வெறும் தரையை மிதித்தது. "தேர்டு போடு", "ஹாரன் அடி" என்றார். சீட்டைப் பின்னால் தள்ளினார், மறுபடி முன்னால் இழுத்தார்.

உத்தனப்பள்ளி தாண்டியதும் வெங்கடம்மாள் கேட்டாள், "ஏங்க, அந்த போர்டுல என்னா எழுதியிருக்குது?"

அவளுக்குப் படிக்கத் தெரியாது. "மனை விற்பனைக்கு" என்று படித்தார்.

கொஞ்ச தூரம் போனதும், "அதுல?"

"டயர் கடை."

"அந்தப் பெரிய கேட்ல?"

"ஆள் தேவை. பெண்கள் மட்டும்."

ஐந்தாவது போர்டுக்கு பதில் வரவில்லை. மாதேஷின் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து தானாக எழும்பியது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பின்னால் ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. வெங்கடம்மாளின் கை மெல்ல நீண்டு கணவரின் தோளைத் தொட்டது.

"நீ எதுக்குக் கேக்கறன்னு எனக்குத் தெரியும்" என்றார் சின்னராஜ், ரோட்டைப் பார்த்தபடியே. "படிக்க மாட்டேன், போ."

அவள் கை தோளிலேயே இருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. ஓசூருக்குள் நுழையும்போது, "நாளைக்கு எந்த டாக்டருனு சுஜாதாவக் கேக்கணும்" என்று அவள் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூட வாசலில் ஆட்டோக்களும் வேன்களுமாக நெரிசல். மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. மாதேஷ் எதிர்ச்சாரியில் காரை ஒதுக்கி நிறுத்தினான். வாட்ச்மேன் பக்கத்தில் நின்றிருந்த பேத்தி காரைப் பார்த்துவிட்டாள். வெங்கடம்மாள் இறங்கி ஓடுவதற்குள், பேத்தி வாட்ச்மேன் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து, பை முதுகில் குதிக்க, எப்போதும் வருகிற மாதிரி டிரைவர் ஜன்னலுக்கு நேராக ஓடிவந்தாள். கதவில் இரண்டு கையையும் வைத்து எம்பி உள்ளே பார்த்தாள். தெரியாத முகம். சிரிப்பு பாதியில் நின்றது.

"பாப்பா, இங்க" என்றார் சின்னராஜ்.

அவள் காரைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்து, கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைத் தேடினார். பதினோரு வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. கை கதவின் மேலே போய், பூட்டில் பட்டு, கீழே இறங்கி, கடைசியில் அதைப் பிடித்துச் சுற்றியது. அந்தக் கண்ணாடி பாதி இறங்கி அங்கேயே சிக்கிக்கொண்டது. குழந்தையின் எட்டு விரல்களும் கண்ணாடி விளிம்பின்மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை.