சாட்சிச் சுவர்

அந்தச் சபையின் தலைவரைத் தலைவர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். ஊழியர் என்றுதான் சொல்ல வேண்டும். "நான் ஆண்டவருடைய கடைசி ஊழியன்" என்று அவர் மேடையில் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும்போது ஒருவர் துவாலை நீட்டுவார், ஒருவர் தண்ணீர் நீட்டுவார், மூன்றாமவர் அந்தத் தாழ்மையை நல்ல கோணத்தில் படம் எடுப்பார்.

அவருக்குப் பின்னால் மேடையின் முழு அகலத்துக்கும் சாட்சிச் சுவர். ஜெபத்தில் குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள், கைத்தடிகள், கழுத்துப் பட்டைகள் எல்லாம் அங்கே வரிசையாகத் தொங்கும். புதிதாக வருகிறவர்கள் ஜெபத்தைக் கேட்பதற்கு முன்பே அந்தச் சுவரைப் பார்த்துப் பாதி குணமாகிவிடுவார்கள்.

தச்சருக்கு அந்தச் சுவரின் வண்டவாளம் முழுக்கத் தெரியும். பலகை அவர் அடைத்தது, ஆணி அவர் அடித்தது, ஆணியில் தொங்குகிற கட்டைகளில் முக்கால்வாசி அவர் செய்தது.

ஆரம்பத்தில் செயலாளர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "குணமானவங்க கட்டையைக் குடுக்க மாட்டேங்கறாங்க அண்ணே. ஞாபகத்துக்கு வெச்சுக்கறாங்களாம். சுவர் வெறிச்சோடிக் கிடக்கு. மாதிரிக்கு நாலு செஞ்சு குடுங்க. ஆனா புதுசாத் தெரியக் கூடாது."

தச்சர் செய்து கொடுத்தார். உடைந்த பெட்டிப் பலகையை அறுத்து, தேயிலைத் தண்ணீர் பூசி, அக்குள் துணிக்கு மெழுகுவர்த்திப் புகை காட்டி, அடிப்பாகத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கினார். பொய் சொல்கிறோம் என்று தோன்றவில்லை. துணிக்கடை பொம்மை சட்டை போட்டிருப்பதை யாராவது பொய் என்பார்களா? நாலு நாற்பதானது. சபை வளர்ந்தது. மண்டபத்துக்குப் பின்னால் தச்சருக்கு ஓர் அறை கிடைத்தது, அவர் மனைவிக்கு மண்டபத்தைத் துடைக்கும் வேலை கிடைத்தது.

பிறகு ஒருநாள், மேல் வரிசையில் கட்டை மாட்டுவதற்கு ஏணியில் ஏறியவர் கட்டையோடு சேர்ந்து மேடையில் விழுந்தார். தொடை எலும்பு போயிற்று. அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நடக்க ஒரு கட்டை வேண்டுமே என்று மனைவி சுவரிலிருந்தே ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். நாலடி வைப்பதற்குள் அது முறிந்தது. காட்சிக்குச் செய்தது ஆளைத் தாங்குமா? உட்கார்ந்தபடியே நல்ல மரத்தில் இன்னொன்று செய்துகொண்டார். அவர் செய்ததிலேயே உண்மையான ஊன்றுகோல் அது ஒன்றுதான்.

எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. "மறுபடி உடைச்சுத் தகடு வெச்சாத்தான் நேராகும். மழைக்காலத்துக்கு முன்னாடி பண்ணிடுங்க. விட்டா அப்படியே இறுகிடும்" என்றார் டாக்டர். அந்த ஆபரேஷனைச் செய்யும் மருத்துவமனையின் வாசற்கதவைத் தொடுவதற்குக்கூட இவர்களுக்கு வசதி கிடையாது. கால் இல்லாமல் ஏணி இல்லை. இழைப்பு மேசை முன்னால் நின்று உந்தித் தள்ள முடியாதவன் தச்சனும் இல்லை.

ஆகவே தச்சர் தினமும் விடிந்ததும், ஆள் வருவதற்கு முன்னால், காலி மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் உட்காருவார். முழந்தாளிட முடியாது. ஊழியரைப்போல அடுக்கு அடுக்காக ஜெபிக்கவும் வராது. ஒரே வரிதான். "ஆண்டவரே, இந்தக் காலைக் குடு." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் இருப்பார். பதில் வந்ததில்லை. ஆனால் ஆண்டவர் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற ஒரு தைரியத்தோடு எழுந்து வருவார். அந்த நாளை ஓட்ட அது போதும்.

ஒரு பிற்பகலில் செயலாளர் அறைக்கு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணே, ஐயாவுக்கு உங்களைப் பத்தித் தரிசனம் கிடைச்சிருக்கு. வர்ற பெரிய கூட்டத்துல நீங்க குணமாகறீங்க."

தச்சர் தன் காலைக் குனிந்து பார்த்தார். காலுக்கு அந்தத் தகவல் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

"மேடையில இந்த முனையிலேர்ந்து அந்த முனை. கட்டை இல்லாம. ஊசி போட்டுக்கலாம், வலி தெரியாது. போய்க் கட்டையைச் சுவர்ல மாட்டிட்டு, ரெண்டு வார்த்தை சாட்சி. மறுநாள் வண்டி வரும். வேற ஊரு, பெரிய ஆஸ்பத்திரி, ஆபரேஷன், தகடு, எல்லாம் சபை பொறுப்பு."

"குணமானவனுக்கு எதுக்குங்க ஆபரேஷன்?"

"முதல்ல விசுவாசத்துல குணமாகணும் அண்ணே. உடம்பு பின்னாடி வரும்."

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. மடித்த துணியையே திரும்ப மடித்தாள்.

செயலாளர் எழுந்தார். வாசலில் நின்று, தன் பேச்சிலேயே கூர்மையான உளியை எடுத்தார். "டாக்டர் கையால வந்தாலும் அது ஆண்டவர் குடுக்கறதுதானே? தினமும் இதைத்தானே கேட்டீங்க? குடுக்கறப்போ கை நீட்ட மாட்டேங்கறது அகங்காரம் இல்லையா? யோசிங்க."

அவர் போனதும் மனைவி கேட்டாள். "என்ன யோசனை? சரின்னு சொல்லுங்க."

"குடுன்னு கேட்டுட்டிருக்கேன். இன்னும் குடுக்கலை. குடுத்துட்டார்னு எப்படிச் சொல்றது? அவர் போடாத கையெழுத்தை நான் போடறதா?"

"அடேயப்பா. அத்தனை கட்டையைத் தேயிலைத் தண்ணியில முக்கினப்போ இந்த நியாயம் எங்க போயிருந்தது?"

"அதுல யார் பேரும் இல்லையே."

"ஓ, பேரில்லாத பொய்க்குப் பாவம் கிடையாதா? எந்த சபைச் சட்டம் அது?" அவள் துணியைக் கீழே போட்டாள். "நான் துடைக்கறேன், நான் சமைக்கறேன், நான் உங்களைத் தூக்கி உட்கார வைக்கறேன். எனக்கும் இடுப்பு இருக்குங்க. அதுக்காகவாவது நடந்துட்டு வாங்க."

தச்சர் அந்தத் துணியை எட்டி எடுத்து மடித்தார்.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு, தச்சர் கதவைச் சாத்திவிட்டுக் கட்டையைச் சுவரில் சாய்த்தார். ஓர் அடி வைத்தார். உயிர் போனது. இன்னொன்று. மூலையில் துணி போர்த்திக் கிடந்த இழைப்புளி வரைக்கும் போய் அதைக் கையில் எடுத்தார். உள்ளங்கை அதை மறக்கவில்லை. மரச்சீவல் சுருண்டு விழும் சத்தம் காதில் கேட்டது. இரண்டு காலையும் ஊன்றித் தள்ளுவது எப்படி இருக்கும் என்று தோள் நினைவுபடுத்தியது. ஒரு மேடை அகலம். இரண்டு வார்த்தை. அவ்வளவுதானே? தச்சர் அப்படியே உட்கார்ந்து, இழைப்புளியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். சரியென்று சொல்லிவிடுவது என்று முடிவும் செய்தார்.

அடுத்த காலை பழக்கப்படி மண்டபத்துக்குப் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "ஆண்டவரே, இந்தக் காலை..." என்று தொடங்கியவருக்கு மேலே வரவில்லை. கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, ஆண்டவர் குடுத்தாகிவிட்டது என்று சொல்லப்போகிறவன் இன்றைக்கு எதைக் கேட்பது? மேடையில் அதைச் சொன்ன பிறகு இங்கே வந்து எந்த முகத்தோடு உட்காருவது? அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருந்தது இந்த ஒரு வரிதான். இதை விற்றுவிட்டால் பேசுவதற்கு வேறு எதுவும் இல்லை. கட்டையை ஊன்றி எழுந்து, ஊழியரின் அறைக்குப் போனார்.

ஊழியர் நாற்காலியில் சாய்ந்து, வேட்டியைத் தூக்கி, வலது முட்டியின்மேல் வெந்நீர்ப் பையை வைத்திருந்தார். அறை முழுக்க வலித்தைல வாடை. தச்சரைக் கண்டதும் அவசரமாக வேட்டியை இறக்கினார். பை நழுவித் தரையில் சளப்பென்று விழுந்தது.

"வா தம்பி. ஆண்டவர் உனக்கு ஒரு கதவைத் திறந்திருக்கார்."

"என்னால முடியாதுங்க ஐயா. குணமாகலை. குணமானா சொல்றேன்."

"அவிசுவாசம் பேசறே."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன் ஐயா." தச்சர் பையை எடுக்கக் குனிய முடியாமல் பார்த்தார். "உங்களுக்கு முட்டி ரொம்ப நாளாவா?"

ஊழியர் ஒரு கணம் ஊழியராக இல்லை, முட்டி வலிக்கிற வயசாளியாக இருந்தார். "பதினஞ்சு வருஷம்."

"நீங்களும் கேட்டுட்டுத்தானே இருக்கீங்க?"

"அது வேற" என்றார் ஊழியர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "செயலாளரை வரச் சொல்."

செயலாளர் அன்று மாலை சிரிப்பில்லாமல் வந்தார். "மேடைக்கு வர வேண்டாம். கூட்டம் முடியற வரைக்கும் ரூமை விட்டும் வர வேண்டாம். அதுவாவது பண்ணுங்க."

கூட்டத்தன்று தச்சர் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கி சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. "நம்முடைய தச்சர் சகோதரர்! இந்த மண்டபத்தில் விழுந்தவர்! இன்று காலை, தன் அறையில், ஜெபத்தில் எழுந்து நடந்தார்! அடக்கத்தினாலே மேடைக்கு வரவில்லை. இதோ, அவருடைய ஊன்றுகோல்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. தச்சர் பக்கத்தில் தடவிப் பார்த்தார். ஊன்றுகோல் அங்கேதான் இருந்தது.

பேசாமல் இருந்தால் போதும். யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஆபரேஷன் பேச்சுகூடத் திரும்ப வரலாம். அதையும் யோசித்தார். யோசித்தபடியே கட்டையை அக்குளில் செருகி எழுந்தார்.

மண்டபத்தின் முன்வாசலில் ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. முதலில் பார்த்தது காய்கறிக்காரி. "ஐயோ அண்ணே! மறுபடியும் கட்டையா?"

"மறுபடியும் இல்லம்மா. இன்னும். நான் குணமாகவே இல்லை."

கூட்டம் சேர்ந்தது. கூட்டத்துக்குப் பின்னால், கையில் துடைப்பத்தோடு, அவர் மனைவி நின்றாள்.

"மேடைச் சுவர்ல தொங்கறது நான் செஞ்சதுங்க. அடியைப் பாருங்க, சமமாத் தேஞ்சிருக்கும். நான்தான் அப்படித் தேய்ச்சேன், எனக்கு அப்போ தெரியலை. நிஜமா ஊனி நடந்தா ஒரு பக்கமாத்தான் தேயும். இதோ பாருங்க." காட்டுவதற்காகக் கட்டையை அக்குளிலிருந்து எடுத்துத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார்.

அடியை யாரும் பார்க்கவில்லை.

"கட்டை இல்லாம நிக்கறாரு! பாருங்கய்யா, நிக்கறாரு!" என்று ஒருவர் அலறினார். ஸ்தோத்திரம் என்று பத்துக் குரல் எழுந்தது. ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். தச்சர் ஒற்றைக் காலில் ஒரு மூச்சு நேரம் தாங்கினார். பிறகு கோணல் கால் மடங்கி, எல்லோரும் பார்க்க, படியில் விழுந்தார்.

"பாத்தியா?" என்றார் அந்த அலறிய மனிதர், மெதுவாக, அனுபவப்பட்டவர்போல. "சந்தேகப்பட்டாரு. போயிடுச்சு."

மனைவி வந்துதான் தூக்கினாள்.

அந்த வாரமே அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். குணமானவர் வளாகத்துக்குள் நொண்டிக்கொண்டு திரிந்தால் சபைக்கு நன்றாக இருக்குமா? லாரி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் இடம் கிடைத்தது. தச்சர் உட்கார்ந்தபடி முக்காலி, பலகை என்று ஏதாவது செய்து வைத்தார். யாரும் வாங்கவில்லை. ஆண்டவர் கொடுத்த காலையே திருப்பிக் கொடுத்தவன் செய்த முக்காலியில் எவன் உட்காருவான்? மழை வந்தது, போனது. எலும்பு இறுகிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்க்காமலே சொன்னார்.

மனைவியை மட்டும் சபை வேலையிலிருந்து நீக்கவில்லை. அவள் அளவுக்குத் துடைக்க ஆள் கிடைக்கவில்லை. அவளும் போனாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. தினமும் சாட்சிச் சுவரைத் தூசு தட்டினாள். அவர் பெயர் எழுதி மாட்டிய கட்டையும் அதில்தான் தொங்கியது.

"உங்க கட்டைமேல சிலந்தி கூடு கட்டியிருக்கு" என்றாள் ஒரு மாலை.

"தட்டலையா?"

"நான் எதுக்கு? குணமானவர் இருக்காரே, அவர் வந்து தட்டட்டும்."

இருவருமே சிரிக்கவில்லை.

மறுநாள் விடிகாலையில், அவள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, தச்சர் தகரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தன் ஒரு வரியைச் சொன்னார். அவள் தலைமுடியை முடிந்துகொண்டே கேட்டாள்.

"இன்னும் அதையேவா கேக்கறீங்க? இறுகிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரே."

"டாக்டர்கிட்டயா கேக்கறேன்?"

"அவரும் குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னு சொல்லுவேன்."

அவள் அவருடைய ஊன்றுகோலை எடுத்து, அக்குள் துணி நைந்துபோயிருந்த இடத்தில் தன் பழைய புடவைக் கிழிசலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.