காட்டுப்பூண்டுச் சோறு

…இல்லை, இது காட்டுப்பூண்டு இலைதான், வேறெதுவாக இருக்க முடியும், பூண்டு மணக்கிறதே, ஆனால் மணப்பது இலையா கையா, காலையெல்லாம் பூண்டு இலை பறித்த கை இனி எதைத் தொட்டாலும் அப்படித்தானே மணக்கும் என்று தோன்றியதும் லுக்ரேசியா அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கூடையில் மீந்ததை அலசும்போதுதான் அகப்பட்டது, ஒரே தண்டில் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு இரண்டு இலைகள். பூண்டு இலை தனித்தனிக் காம்பில் அல்லவா நிற்கும். இப்படிச் சோடியாக வருவது கண்ணீர்மணிச் செடி, மே மாதம் வெள்ளை வெள்ளையாக மணி கட்டிப் பூக்குமே, அது, நெஞ்சை நிறுத்திவிடும் விஷம்… ஒன்றுதானா, சட்டிக்குள் எத்தனை போயிற்று? பின்னால் மேசையில் அவள் கணவன் நெகுலாய் இரண்டாவது தட்டை வழித்துக்கொண்டிருந்தான், கரண்டி உரசும் சத்தம் அவள் முதுகுத்தண்டில் ஏறியது. நல்லவேளை, நான் இன்னும் வாய் வைக்கவில்லை… சீ, இதுவா நல்லவேளை?

ஒன்பது வருஷம் இத்தாலியில் சம்பளத்துக்கு ஓர்னெல்லா என்ற வயதான அம்மாளைக் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைத்துக் கற்றுக்கொண்ட சமையல். மண் இந்த வாரம் எதைக் கொடுக்கிறதோ அதுதான் இந்த வாரச் சாப்பாடு என்பாள் அந்த அம்மாள். ஏப்ரல் என்றால் அரிசியைக் கோழிச்சாற்றில் குழைய வேகவிட்டு, இறக்கும்போது பச்சை இலையை அரிந்து தூவி, மேலே சீஸ் துருவி… ஆனால் அங்கே லுக்ரேசியா இலையைச் சந்தையில் கட்டாக அல்லவா வாங்கினாள், ஒருநாளாவது பறித்தாளா? இங்கே ருமேனியாவுக்குத் திரும்பி ஏழு மாதத்தில் காட்டோரம் போய்க் குனிந்து பறிக்க என்ன துணிச்சல், என்ன பெருமை. சொல்லாமல் விட்டால்? ஒன்றும் ஆகாமலும் போகலாமே, சொன்னால் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்… சிரிக்கட்டும், சொல், வாயைத் திற.

"நெகுலாய், சோறு கசந்துச்சா? நெசத்தச் சொல்லு."

"கொஞ்சம் கசந்துச்சு. ஒங்க இத்தாலிக்காரங்க பக்குவமே அப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

"அப்ப எதுக்குய்யா ரெண்டாந்தட்டு வாங்குன, பாவி மனுசா?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "போன மாசம் நீ ஆக்குன கசப்புக்கீரைய மாட்டுக்குப் போடுன்னு ஒரு வார்த்தை சொன்னேன், பொட்டிய இழுத்து வாசல்ல வச்சே. மறுபடி போயிடுவியோன்னு ஒரு பயம்தான்."

லுக்ரேசியா தொலைபேசியில் அவசர உதவி எண்ணை இரண்டுமுறை தப்பாக அழுத்தினாள், மூன்றாவதில் ஒரு பெண்குரல் நிதானமாகக் கேட்டது, என்ன இலை, எவ்வளவு, எப்போது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், இலையைப் பத்திரமாக வையுங்கள், ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம். இருபது நிமிஷம்… அதற்குள் என்னவெல்லாம் நடக்கும். "ஒண்ணுமில்லடி, நான் குதிர மாதிரி இருக்கேன்" என்றான் நெகுலாய், நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது, அது விஷத்தின் வேர்வையா, பயத்தின் வேர்வையா, சூடான சோறு தின்ற வேர்வையா?

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் தாமாகவே இடம் கண்டுகொண்டன, ஓர்னெல்லா அம்மாளுக்குக் காலையும் மாலையும் நாடி பார்த்த விரல்கள், அவளுக்கு நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு, காய்ச்சலில் தொண்ணூறு, தூக்கத்தில் அறுபத்தைந்து, செத்துப்போனவளின் கணக்கு இன்னும் மனப்பாடம். சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்தபடி எண்ணினாள். ஐம்பத்தாறு. குறைவோ? விஷம் ஏறுகிறதோ, இல்லை, இவனுக்கு எப்போதுமே இவ்வளவுதானோ… இருபத்தாறு வருஷமாகப் புருஷன், இவனுக்கு வழக்கம் எத்தனை என்று அவளுக்குத் தெரியாது. முள் மேலே வரும்வரை காத்திருந்து, திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.