நடுவில் உட்கார்ந்த மாவு

நெடுங்கரை என்னும் ஊர் ஆண்டுக்கொரு முறை, சித்திரை மாதத்து உச்சிவெயிலில், ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பும். எழும்பிய ஊர் வெயிலில் வெந்து அப்படியே நிற்கும். ஐப்பசி மழையில் மெல்ல அமுங்கத் தொடங்கி, பங்குனி பிறப்பதற்குள் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். பக்கத்து ஊரான மணல்குண்டு எழும்புவதில்லை. அதனால் நெடுங்கரைக்காரர்கள் மணல்குண்டுக்காரர்களிடம் பேசும்போது சற்றுக் குனிந்துதான் பேசுவார்கள். ஊர் அமுங்கிக் கிடக்கும் மாதங்களிலும் அந்தக் குனிவு மட்டும் அமுங்காது.

ஊரை எழுப்புவதற்கு, ஆப்பமாவுக்குப் போலவே, சோடா ஒருவர், புளிப்பு ஒருவர், மாவு ஒருவர் வேண்டும். சோடாவையும் புளிப்பையும் ஆண்டுதோறும் புதிதாகத் தேர்ந்தெடுப்பார்கள். ஊர்த்தலைவர் சங்குமுத்து அண்ணாச்சி தெருத்தெருவாகப் போய், ஒவ்வொருவருடைய புறங்கையையும் நக்கிப் பார்ப்பார். முதலில் உப்புக் கரித்து, பிறகு சோப்பு மாதிரி வழுக்கி, கடைசியில் செப்புக் காசை நாக்குக்கடியில் வைத்தது போலக் கசந்தால் அந்த ஆள் சோடா. இந்த ருசி உள்ளவர்களை வீட்டில் யாருக்கும் பிடிக்காது என்பதால் அனுப்பி வைப்பதற்கு ஆட்சேபணை இருக்காது. புளிப்பு ஆளின் கை, சதையை உறிஞ்சிய பிறகு மிஞ்சும் திராட்சைத் தோல் போலப் புளிக்க வேண்டும். அதோடு அந்த ஆள் சோடாவைப் போல இரண்டு மடங்கு கனமாகவும் இருந்தாக வேண்டும். கனம் குறைந்தால் வேலை செய்யாத சோடா மிஞ்சிப்போய் ஊர்ச் சுவர்களிலெல்லாம் சோப்பாகப் பூத்துவிடும்.

எழும்பும் நாளன்று இரண்டு பேர் மீதும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கைகோக்க வைப்பார்கள். நுரைத்துப் பொங்கி அடங்கியதும், சோடாவும் புளிப்பும் போய் இரண்டு பேரும் லேசாக உப்புக் கரிக்கிற சாதாரண மனிதர்கள் ஆகிவிடுவார்கள். ஒரு வேட்டியும் ஒரு சேலையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். அதற்குப் பிறகு அவர்களுக்குக் கோபமே வராது என்று சொல்வார்கள்.

மாவு மட்டும் மாறுவதில்லை. நெடுங்கரையின் மாவு தாணுலிங்கம்.

அவருடைய வேலை, ஊர் மண்டபத்துப் பெஞ்சில் சோடாவுக்கும் புளிப்புக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது. காற்றில் இருக்கும் ஈரத்தில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அகாலத்தில் பொங்கிவிடக் கூடாது அல்லவா? அதற்காக ஒரு தடுப்பு. இந்தப் பதவிக்கு ஒரே தகுதி, எந்த ருசியும் இல்லாமல் இருப்பது. தாணுலிங்கத்திடம் அது தாராளமாக இருந்தது. உள்ளங்கை, புறங்கை, முழங்கை எங்கே நக்கினாலும் ஒன்றும் தெரியாது. பெண் கேட்டுப் போனபோது வேலம்மாளின் தகப்பனார் அவர் கையை நக்கிப் பார்த்துவிட்டு, இதனால் நல்லதும் வராது, கெட்டதும் வராது, கொடுத்துவிடலாம் என்றார்.

ஆனால் மனுஷனுக்கு இருந்த மிதப்பைப் பார்க்க வேண்டுமே. தெருவில் நடந்தால் நெஞ்சு முன்னே போகும், ஆள் பின்னே வருவார். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, சோடா வரும் போகும், புளிப்பு வரும் போகும், நிலைத்து நிற்பது தான் ஒருவர்தான் என்று பாடம் நடத்துவார். ஊரே தன்னால்தான் எழும்புகிறது என்று அவர் மனமார நம்பினார். ஊர் எழும்பும்போது அவரைப் பெஞ்சிலிருந்து எழுந்து போகச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதை அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டதே இல்லை.

இந்த ஆண்டு சோடாவாக வந்தவர் நயினார், ஒல்லியான மனிதர். புளிப்பாகக் கோமதியக்கா, நயினாரைப் போல இரண்டு மடங்கு. தாணுலிங்கம் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் தன் பெருமைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். மாசி மாதக் கடைசியில் மணல்குண்டு படிப்பகத்தார் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அந்த ஊரில் பாராட்டுவதற்கு ஆள் கிடைக்காமல், தபால் பெட்டிக்குக்கூட ஒரு முறை மாலை போட்டிருக்கிறார்கள். தாணுலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு போய், நடுவில் இருப்பதன் மகத்துவம் என்ற தலைப்பில் கூட்டம் கலையும்வரை பேசினார். கூட்டம் சீக்கிரமே கலைந்தது.

திரும்பி வந்து பார்த்தால், பெஞ்சில் அவர் இடத்தில் ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு மாவு உட்கார்ந்திருந்தது.

போகிற வருகிறவர்கள் மூட்டைக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆள் மாறியதை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை. கோமதியக்கா மூட்டையின் மீது கையை ஊன்றிக்கொண்டு, இது சாய்ந்துகொள்ள நன்றாக இருக்கிறது, பேசவும் பேசாது என்றாள். தாணுலிங்கம் நேரே ஊர்த்தலைவரிடம் போனார்.

"அண்ணாச்சி, அது நான் இருக்க எடம்லா?"

"ஆமா வே. நீரு ஒரு நாள் இல்லன்னதும் அவசரத்துக்குத் தூக்கி வச்சோம். பாத்தா, அது டீ கேக்க மாட்டேங்கு. ஒண்ணுக்குப் போணும்னு எந்திரிக்க மாட்டேங்கு. நல்லாத்தான் இருக்கு, இருந்துட்டுப் போட்டுமே."

"அப்ப நான்?"

சங்குமுத்து அண்ணாச்சி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கும்படி சொன்னார். எதிலிருந்து ஓய்வெடுப்பது என்று தாணுலிங்கத்துக்கும் விளங்கவில்லை.

அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. மனிதன் செய்கிற வேலையை மூட்டை செய்துவிட முடியுமா, ஊரே ஒரு நாள் தன் காலில் வந்து விழத்தான் போகிறது என்று சுவரைப் பார்த்துப் பேசினார். வேலம்மாள் உம் கொட்டிக்கொண்டே வெங்காயம் உரித்தாள். ஊராருக்கு மூட்டையின் லட்சணத்தைக் காட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார். காட்டுவதற்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் தண்ணீர்.

பங்குனி நடுவில் மேகம் கவிந்த ஒரு பிற்பகலில், டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். கால் தடுக்கியது போலப் பெஞ்சின் மேல் கொட்டினார். மூட்டை அதைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டது. செம்பு கொண்டுவந்தார், அதையும் குடித்தது. அவர் உட்கார்ந்திருந்த இத்தனை காலத்தில் ஈரத்தை இப்படி ஒரு நாளும் தடுத்ததில்லை, வேட்டி நனைந்தால் எழுந்து போய் மாற்றிக்கொண்டு வருவதுதான் வழக்கம். மூட்டை வேலையில் கெட்டிக்காரனாக இருந்தது அவருடைய ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார். வாசலில் இருந்தவர்கள், பாவம், செடிக்குத் தண்ணீர் விடுகிறார் போலிருக்கிறது என்று வழி விட்டார்கள். மண்டபத்தில் செடி ஒன்றும் கிடையாது.

கடைசியில் மூட்டையாலும் முடியவில்லை. தண்ணீர் பெஞ்சு முழுக்க ஓடி, நயினாரின் விரல் கோமதியக்காவின் விரலைத் தொட்டது. இரண்டு பேரும் பொங்கினார்கள். ஊர் எழும்பியது.

கடைக்காரர்கள் ஆண்டுதோறும் செய்வது போல அலமாரிகளைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை கொஞ்சம் முந்திவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். ஆனால் வேகவைக்க வெயில் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கெல்லாம் ஊர் புஸ்ஸென்று மூச்சை விட்டு இறங்கத் தொடங்கி, பழைய மட்டத்திலும் நிற்காமல், மணல்குண்டுக்கு முழங்கால் ஆழம் கீழே போய்ப் படுத்துவிட்டது. கோமதியக்கா பங்குனி விரதத்தில் இளைத்துப் போயிருந்ததால் பாதிச் சோடா மிஞ்சிவிட்டது. காலையில் எழுந்ததும் எல்லோரும் வழக்கப்படி வாசல் நிலையை நக்கிப் பார்த்தார்கள். தெற்குத் தெருவில் சோப்பு. வடக்குத் தெருவில் சோப்போடு செப்புக் காசு. பால்காரர் மணல்குண்டிலிருந்து வந்து, முதல் முறையாகக் குனிந்து பால் ஊற்றினார். நெடுங்கரைக்காரர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும், சாவதற்கு?

விசாரணை மண்டபத்தில் நடந்தது. தாணுலிங்கம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, முன்வரிசையில் நின்றார். தான் இல்லாவிட்டால் இந்த ஊர் என்ன ஆகும் என்பது இப்போதாவது தெரிந்ததா என்பது போல ஒரு நிற்பு.

"நாந்தான் ஊத்துனேன். நான் ஒருத்தனாத்தான் அம்புட்டுத் தண்ணியும் சொமந்தேன்."

சங்குமுத்து அண்ணாச்சி அவர் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களையும் பார்க்கச் சொன்னார். செய்தவன் கையில் செய்ததன் ருசி இருக்கும் என்பது நெடுங்கரையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"ஒண்ணும் இல்லியே வே. சும்மா பேருக்காவ பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிடாதீரும். போயி இரியும்."

"அண்ணாச்சி, சத்தியமா நாந்தான்."

"இரியும்ங்கேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளில் அவர் செய்த ஒரே காரியம் அது. அதையும் அவர் செய்யவில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. அடுத்து மூட்டையை நக்கிப் பார்த்தார்கள். நனைந்த மாவு இரவோடு இரவாகப் புளித்துப் போயிருந்தது. குற்றம் மூட்டையுடையது என்று முடிவு செய்து, சாக்கைப் பிரித்துக் கண்டித்தார்கள். ஆனால் இவ்வளவு நல்ல புளிப்பை வீணாக்குவானேன் என்று ஒருவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கனத்துக்கும் குறைவில்லை. அடுத்த ஆண்டின் புளிப்பாக மூட்டையையே நியமித்து, கைதட்டினார்கள். தாணுலிங்கமும் தட்ட வேண்டியிருந்தது.

மிஞ்சியது ஊரின் பிரச்சினை. ஒருமுறை இறங்கிய மாவை மறுபடி எழுப்ப முடியாது. மேலே பார்த்தால் ஊராகத் தெரிந்தாலும், கிணற்றடியில் குச்சியை விட்டுப் பார்த்தபோது வேகாத பச்சை மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. எழும்பாததைத் தட்டையாகவாவது ஒழுங்காக வேகவைப்போம், சித்திரை வெயிலில் திருப்பிப் போட்டுவிடலாம் என்று சங்குமுத்து அண்ணாச்சி சொன்னார். கொல்லுப்பட்டறையில் தெரு அகலத்துக்கு ஒரு தோசைத்திருப்பி அடித்தார்கள். ஒரே ஒரு சந்தேகம்தான் எழுந்தது. திருப்பிப் போடும்போது அடியில் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

ஒட்டாமல் இருக்க உலர்ந்த மாவு தூவ வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். மூட்டை புளித்துக் கட்டியாகிவிட்டது, போதாக்குறைக்கு அது இப்போது பதவியில் வேறு இருக்கிறது. எல்லோரும் தாணுலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இது நிரந்தரந்தான?"

"ஊரு கெடக்க மட்டும் நீரு அடியில கெடப்பீரு. வேற ஆளு போட மாட்டோம்."

"என்னத் தவிர வேற ஆளே இல்லன்னு சொல்லுதிய."

"அப்படித்தான் வச்சுக்கிடும்."

தாணுலிங்கத்தின் முகம் மலர்ந்தது. அன்று பகல் முழுக்கத் தெருத்தெருவாகப் போய், ஊரைத் தாங்கப் போவது யார் என்று எல்லோரிடமும் கேட்டு, பதிலையும் தானே சொன்னார். வேலம்மாளிடம் விடைபெற்றபோது அவள் அவருக்குப் பிடித்த எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுக்கலாமா என்று யோசித்துவிட்டு, ஈரப் பண்டம் ஆகாது என்று விட்டுவிட்டாள். சித்திரை பிறந்து வெயில் உச்சிக்கு வந்ததும் ஊரின் விளிம்பில் திருப்பியைச் செருகித் தூக்கினார்கள். கவிழப் போகும் இடத்தில் அவர் நீட்டிப் படுத்து, கையையும் காலையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பரப்பிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பரப்பும்படி மேலிருந்து சொன்னார்கள். பரப்பினார். ஊர் புரண்டு வந்து விழுந்தது. எங்கும் ஒட்டவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் தரையைத் திறந்து வீடுகளுக்குள் இறங்கப் பழகிக்கொண்டார்கள். வேலம்மாள் துணி துவைத்து, தெருவெங்கும் வானத்தைப் பார்த்து விரிந்து நின்ற புளியமர வேர்களில் காயப்போட்டாள். வேர்களில் வெயில் நன்றாக ஏறியது. இடம் போதாமல் போனதால், தாணுலிங்கத்தின் வேட்டிகளை மட்டும் பிழிந்து, கட்டிக்கொள்ளும்படி மணல்குண்டுப் பால்காரரிடம் கொடுத்துவிட்டாள்.