தீத்திரையின் ஓரம்

மகள் ஆக்ஸிஜன் உருளையின் திருகை இறுக்கி மூடினாள். பல மாதங்களாக வீட்டில் இன்னொரு குடித்தனக்காரனைப் போல ஓயாமல் பேசிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது. அதன் பிறகுதான் அடுக்களையில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. அது முன்பும் சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

அப்பாவின் மூக்கிலிருந்து குழலை எடுத்தாள். கன்னங்களில் அது அழுத்திய தடம் தங்கியிருந்தது. விரலால் நீவிப் பார்த்தாள், போகவில்லை.

"டாக்டருக்குச் சொல்லிட்டியா?" என்று நிலைப்படியில் நின்றபடி அம்மா கேட்டாள்.

"சொல்லிட்டேன். வந்து பாத்து டெத் சர்டிஃபிகேட் எழுதிக் குடுப்பார். அம்மா, நான் கேட்டதை யோசிச்சியா?"

"உங்க அண்ணன் வரட்டும்."

அழுது முடித்த முகத்தோடு அம்மா அடுக்களைக்குள் போனாள். வருகிறவர்களுக்குத் தேநீராவது வேண்டுமே என்பது அவள் சொன்ன காரணம்.

மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நோயைக் கண்டறியச் சதை எடுக்கும் ஊசியை அப்பாவின் உடம்பு தாங்காது என்று நுரையீரல் மருத்துவர் முன்பே கையை விரித்துவிட்டார். போன பிறகு வேண்டுமானால், அன்றைக்கே உடலைக் கொண்டுவந்தால், நுரையீரலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் இழை இருந்தால் அது அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஆனால் மனைவி சம்மதிக்க வேண்டும் என்றார். நாளைக்கு என்பது இதில் கிடையாது.

அப்பா நகரத்துப் பெரிய அரங்கத்தில் திரை இழுத்தவர். அக்கம்பக்கத்தில் திரைக்காரர் என்றால்தான் தெரியும். பார்ப்பவர்கள் கைதட்டும் வெல்வெட் திரைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் இன்னொன்று சுருண்டு கிடக்கும்: கல்நார் கலந்து நெய்த, கனத்த சாம்பல் நிறத் தீத்திரை. மேடையில் தீப்பிடித்தால் அதை இறக்கி மக்களைக் காப்பாற்ற வேண்டும். ஆண்டுதோறும் அதை இறக்கி, பிரம்பால் அடித்து, பிய்ந்த ஓரங்களை வெட்டித் தைப்பது அப்பாவின் பொறுப்பு. அவர் காலத்தில் தீ ஒருமுறையும் வரவில்லை. தூசி மட்டும் தவறாமல் வந்தது.

இருமல் முற்றியபோது மகள் அரங்கத்துக்கு எழுதினாள். நாட்டின் பெரிய மருத்துவ நிலையத்திலிருந்து நிபுணர் குழு ஒன்று வந்தது. குழுவின் தலைவருக்கு அரங்கத்தின் முதல் வரிசையில் நிரந்தர நாற்காலி உண்டு. ஆபத்து எதுவும் இல்லை என்று குழு சொன்னது. இத்தகைய புகார்கள் நம் கலைமரபின்மீது காழ்ப்புக் கொண்டோரால் பரப்பப்படுகின்றன என்று அரங்கம் தன் பதில் கடிதத்தில் சேர்த்துக்கொண்டது. மகள் பள்ளி வேன் ஓட்டுபவள். சிறுவயதில் மேடையின் ஓரத்திலேயே பாட்டுக் கேட்டபடி தூங்கிப்போனவள். அவளுக்குக் காழ்ப்பு என்ற சொல்லையே இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தது.

பிறகு, உண்மையிலேயே காழ்ப்புக் கொண்டோரும் வந்தார்கள். அரங்கத்தையே இழுத்து மூட வேண்டும், அது மேட்டுக்குடிகளின் கூடாரம் என்றார்கள். மூக்கில் குழலோடு அப்பாவின் படம் ஒன்று கிடைத்தால் தங்கள் கூட்ட மேடைக்குப் பின்னால் பெரிதாக வைக்கலாம் என்றார்கள். அவர்களையும் வாசலோடு அனுப்பினாள். ஒரு சாராருக்கு அப்பாவின் இருமல் கேட்கவில்லை. மறு சாராருக்குக் கேட்டது, ஆனால் கைதட்டலாகக் கேட்டது.

மருத்துவர் வந்துபோன சிறிது நேரத்தில் அண்ணன் வந்தான். வந்தது அரங்கத்துச் செயலாளரின் காரில். செயலாளர் மலர்வளையத்தை அப்பாவின் காலடியில் வைத்து, அளவாகத் தலைகுனிந்து, காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்பாவை அஞ்சலிக்கு நம்ம மேடையிலேயே வைக்கிறதா முடிவு பண்ணியிருக்கோம்" என்றார். "பெரிய கலைஞர்களுக்கு மட்டும்தான் இதுவரைக்கும் அப்படிச் செஞ்சிருக்கோம்."

அண்ணன் தங்கையைத் தனியே பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னான். "ஆயுசு முழுக்கப் பின்வாசல் வழியாவே போய் வந்த மனுஷன். இன்னைக்கு ஒருநாள் முன்வாசல் வழியாப் போகட்டுமே."

அது அவளையும் தைத்தது. "போகட்டும்ணா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு அப்புறம் போகட்டும்."

"எதுல? உன் வேன்லயா? பின்னாடி 'குழந்தைகள், கவனம்'னு கொட்டை எழுத்துல இருக்கு."

"கவனமா ஓட்டறேன்."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "பரிசோதனை எதுவும் வேண்டாம்னு நம்ம நிர்வாகக் குழு நினைக்குது. ஒரு பக்கம் மரியாதை, இன்னொரு பக்கம் சந்தேகம், ரெண்டும் ஒரே மேடையில நல்லா இருக்காது. நிபுணர்களே சொல்லிட்டாங்களேம்மா."

"நிபுணர்கள் பார்த்தது புதுத் திரையை. பழசைக் கழட்டி ஏத்தி அனுப்பின பிறகுதானே அவங்களைக் கூப்பிட்டீங்க?"

"பழைய திரையில ஒரு நூல்கூட இப்ப இல்ல. இல்லாத ஒண்ணுக்காக நாம ஏன் சண்டை போடணும்?"

"நூல் ஏன் இல்ல?" என்று குரல் வந்தது.

அம்மா கொதிக்கும் தேநீர்ப் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்தாள். அதை மேசையில் இறக்கி வைத்துவிட்டு, கையில் இருந்த பிடிதுணியைத் தூக்கிக் காட்டினாள். சாம்பல் நிறச் சதுரம். நான்கு பக்கமும் சிவப்பு நூலால் நெருக்கமான தையல்.

"இது அந்தத் திரையோட ஓரம்தானே. பிஞ்சுபோச்சுன்னு வெட்டினப்போ, வீணாப் போகுதேன்னு எனக்குத் தச்சுக் குடுத்தார். எத்தனை வருஷம் ஆச்சு, ஒரு இடம் கருகல. தொட்டுப் பாருங்க சார்."

எப்போதும் செய்வதுபோல அதை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி உதறி, அவர் பக்கம் நீட்டினாள். ஜன்னல் வெயிலில் நுண்ணிய தூள் எழுந்து, அவசரம் இல்லாமல் மிதந்தது.

நாற்காலி கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தது. செயலாளர் எழுந்து ஜன்னலோரம் போயிருந்தார். மடிப்புக் கலையாத கைக்குட்டை அவர் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடியிருந்தது. அது சட்டைப்பையிலிருந்து வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம்.

மகள் அந்தத் துணியை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சிறுமியாக இருந்தபோது அதைக் கொண்டுதான் பால் இறக்கியிருக்கிறாள். ஊரெல்லாம் அந்தத் திரையைத் தேடி அலைந்தவள், அடுக்களை ஆணியை நிமிர்ந்து பார்த்ததில்லை.

அம்மா துணியை மெல்லத் தாழ்த்தினாள். "என்ன சார்? ஒண்ணும் இல்லேன்னுதானே சொன்னீங்க?"

"இல்லம்மா..." கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "எனக்குத் தூசி ஒத்துக்காது."

"அவருக்கும் ஒத்துக்கல" என்றாள் அம்மா.

அண்ணன் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். பிறகு தங்கையிடம், சாதாரணமான ஏதோ வேலையைக் கேட்பதுபோலக் கேட்டான்: "வேன்ல பின் சீட்டைக் கழட்டணுமா?"

"ஆமா. ஸ்பேனர் டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கு."

"அப்படின்னா மேடை ஏற்பாடு..." என்று செயலாளர் இழுத்தார்.

"மேடையில நீங்களே இருங்க சார். உங்களுக்குப் பழக்கம்தானே" என்றபடி அண்ணன் வெளியே போனான்.

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "கையெழுத்து எங்க போடணும்?"

"அங்க போனப்புறம்தாம்மா."

"நானும் வர்றேன். என் கண் முன்னாடி எடுக்கணும்."

"உள்ள விடமாட்டாங்க."

"வாசல்ல நிப்பேன்."

கல்நார்த் தூள் காய்ந்தால்தான் பறக்கும் என்று நுரையீரல் மருத்துவர் ஒருமுறை சொல்லியிருந்தார். மகள் குவளைத் தண்ணீரைத் துணியின்மேல் மெதுவாக ஊற்றி நனைத்து, கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, அதை இன்னொரு பையில் போட்டு முடிந்தாள். மேசையையும் ஈரத்துணியால் துடைத்தாள். அம்மாவின் கைகளை முழங்கைவரை கழுவச் சொன்னாள். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. எத்தனை வருஷம் என்று மகளும் எண்ணிப் பார்க்கவில்லை. சோப்பு நுரையில் நான்கு கைகளும் கொஞ்ச நேரம் ஒன்றாக இருந்தன.

செயலாளரின் கார் கிளம்பிப் போனது. மலர்வளையத்தை அண்ணன் சுவரோரம் சாய்த்து வைத்தான். அக்கம்பக்கத்தார் கைகொடுக்க, அப்பாவை வேனில் ஏற்றினார்கள். சீட்டுகள் இருந்த இடத்தில் விரித்த மெத்தைக்கு அவர் நீளம் சரியாக இருந்தது. குழந்தைகள் ஒட்டியிருந்த நட்சத்திரப் படங்கள் கூரையில் அப்படியே இருந்தன. மகள் பையைத் தன் இருக்கைக்கருகே வைத்துவிட்டு, அம்மாவை அழைக்க உள்ளே வந்தாள்.

அடுப்பில் இன்னொரு பாத்திரம் தண்ணீர் தளதளத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள். அம்மா அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தை இறக்கக் கை தானாகச் சுவரிலிருந்த ஆணிக்குப் போனது. ஆணியில் ஒன்றும் இல்லை. அதன் கீழே, புகை படியாத வெளுப்பாக ஒரு சதுரம் தெரிந்தது.

வேறு துணி பக்கத்திலேயே இருந்தது. அம்மா எடுக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, அது தானாக ஆறட்டும் என்று பாத்திரத்தின் முன்னால் நின்றாள்.

வெளியே அண்ணன் ஹாரனைத் தொட்டும் தொடாமலும் அடித்தான். மகள் நிலைப்படியிலேயே நின்றாள். ஆவி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டிருந்தது.